அச்சில் வந்த பிழையா, அப்புறம் பட்ட அடியா?

கேள்வி: என் அப்பா முப்பது வருடங்களுக்கு மேல் காசு சேர்த்தவர். அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தேன். நான்கு காசுகளைத் தனித்தனிக் காகித உறைகளில் போட்டு, ஒவ்வோர் உறைமேலும் 'அச்சுப் பிழை' என்று எழுதி வைத்திருந்தார். ஒன்றில், தலைப் பக்கத்தின் மேலேயே, பின்பக்கத்து எண் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. இரண்டாவதில், ஓரத்தில் கடித்தெடுத்ததுபோல ஒரு துண்டு இல்லை. மூன்றாவதில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது. நான்காவது, அதே வகைக் காசுகளைவிடச் சிறியது. விளிம்பு தடித்து உருண்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் எல்லாமே யாரோ கெடுத்தவை என்கிறார். இன்னொருவர் எல்லாமே அபூர்வம் என்கிறார். அப்பா எழுதியது சரியா? துலக்கினால் தெளிவாகத் தெரியுமா? எடை, அளவு, படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

துலக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பற்பசை, அமிலம், தேய்ப்புத் துணி எதுவும் அந்த நான்கு காசுகள்மேல் படக் கூடாது. காசு அடிக்கும்போது உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள்ளும் ஓரத்தை நோக்கியும் ஓடுகிறது. அந்த ஓட்டம் விட்டுப்போன நுண்ணிய வரிகளால்தான், புதுக் காசைச் சாய்க்கும்போது ஒளி சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுழல்கிறது. கைமாறித் தேய்ந்த காசிலும் எழுத்துகளின் இடுக்குகளில் அது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பிழை அச்சடிக்கும்போது வந்ததா, பிறகு வந்ததா என்று பல நேரம் நான் அந்த இடுக்குகளைப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறேன். ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சி போனது போனதுதான்.

இப்போது உங்கள் கேள்வி. இரண்டு நண்பர்கள் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. ஏன் என்று புரிய, ஒரு காசு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். அவற்றைச் சூடாக்கி இளக்கி, கழுவி, ஓரத்தை நெருக்கி மேடாக்கும் இயந்திரத்தில் உருட்டுகிறார்கள். பிறகு அந்த வில்லை கீழ் அச்சின் மேல், காலர் என்கிற எஃகு வளையத்துக்குள் போய் உட்காருகிறது. மேல் அச்சு பல டன் அழுத்தத்தோடு இறங்குகிறது. தலையும் பூவும் ஓரத்துப் பல்வரிகளும் பெரும்பாலான காசுகளில் அந்த ஒரே அடியில்தான் பிறக்கின்றன.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த அடியின்போது ஏதாவது தப்பு நடந்திருந்தால், அதற்கு மூன்று சாட்சிகள் இருக்கும்: தலைப் பக்கம், பூப் பக்கம், ஓரம். மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பெரிய கதை சொல்லி, மற்ற இரண்டும் எதுவுமே நடக்காததுபோல் இருந்தால், காசு நாணயச்சாலையை விட்டு வந்த பிறகு யாரோ, எதுவோ அதைத் தொட்டிருக்கிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. குறை அச்சிலேயே இருந்தால் அது ஒரு பக்கத்தோடு நின்றுவிடலாம். அப்போது சாட்சி வேறு இடத்தில் இருக்கும். ஓர் அச்சு லட்சக்கணக்கில் காசு அடிக்கும். அதே குறையோடு, அதே இடத்தில், அதே வடிவத்தில் வேறு காசுகளும் வெளியே வந்திருக்க வேண்டும்.

எளிதானதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான்காவது காசு, அந்தச் சிறிய காசு. சிறிய வில்லையில் தவறுதலாக அடிக்கப்பட்ட காசுகள் உண்மையிலேயே உண்டு. வேறொரு மதிப்புக்கான வில்லை கலந்து வந்து இந்த அச்சுக்கு நடுவில் மாட்டியிருக்கும். ஆனால் அச்சு சுருங்காது. பெரிய அச்சு சிறிய வில்லையில் இறங்கினால் ஓரத்தில் இருக்கும் எழுத்துகளுக்கு உலோகமே இருக்காது. பாதி எழுத்தோடு வெட்டுப்பட்டு நிற்கும். எடையும் அந்தச் சிறிய வில்லையின் எடையாக இருக்கும். உங்கள் காசில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. எல்லாம் உள்ளே தள்ளப்பட்டு நெருங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். எடையும் நீங்கள் அனுப்பிய சாதாரணக் காசின் எடைக்கு மிக அருகில் இருக்கிறது. உலோகம் எங்கும் போகவில்லை. ஓரத்திலிருந்து உள்ளே மடிந்து தடித்திருக்கிறது. துணி உலர்த்தும் பெரிய இயந்திரங்களின் உருளையில் ஓர் இடுக்கில் சிக்கிக்கொண்ட காசு, மாதக்கணக்கில் உருண்டு உருண்டு ஓரத்தில் அடி வாங்கினால் சரியாக இப்படித்தான் ஆகும். இது சேதம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் காசு, கண்ணாடி எழுத்துக் காசு, நிறையப் பேரை ஏமாற்றுகிற வகை. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இப்படி ஒரு பிழை நாணயச்சாலையில் நடப்பது உண்மை. அடித்த காசு கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை வந்து உட்காருகிறது. இப்போது மேலிருந்து இறங்குவது அச்சு இல்லை, ஒட்டிக்கொண்ட காசின் கீழ்ப் பக்கம். கீழ் அச்சில் பூ இருந்தது என்று வையுங்கள். ஒட்டிய காசின் கீழ்ப் பக்கத்தில் பூ மேடாக இருக்கும். புது வில்லையின் அடியில் கீழ் அச்சு வழக்கம்போல் மேடான பூவைப் பதிக்கிறது. மேலே, ஒட்டிய காசு அதே பூவைப் பள்ளமாக, இடவலம் மாற்றிப் பதிக்கிறது. ஆக அந்தக் காசில் இரண்டு பக்கமும் பூதான் இருக்கும், ஒன்று மேடு, ஒன்று பள்ளம். தலை இருக்கவே இருக்காது. ஏனென்றால் தலை அச்சு அந்த வில்லையைத் தொடவே இல்லை.

உங்கள் காசைப் பாருங்கள். தலை அப்படியே இருக்கிறது, அதன் கன்னத்தின் மேல் பள்ளமாக எண் இருக்கிறது, பின்பக்கம் பூவும் முழுதாக இருக்கிறது. மூன்று உருவங்கள். ஒட்டிய காசால் இது நடக்க வழியே இல்லை. ஒட்டிய காசு வில்லையின் ஒரு பகுதியை மட்டும் மறைத்திருந்தால்? அப்போதும் மறைத்த இடத்தில் பள்ள உருவம் மட்டும் இருக்கும். மறைக்காத இடத்தில் மட்டும் தலை இருக்கும். ஏற்கெனவே அடித்த காசின்மேல் இன்னொரு காசை வைத்துப் பல டன்னில் மறுபடி அடித்திருந்தால், அடியில் இருந்த தலை பெரும்பாலும் நசுங்கி மறைந்துபோயிருக்கும், காசும் அகலமாகியிருக்கும்.

இதை நானே ஒருமுறை செய்து பார்த்தேன். செல்லாத காசுகள் இரண்டை எடுத்து, ஒன்றின் தலைமேல் இன்னொன்றின் பூவை வைத்து, இரண்டின் வெளிப்பக்கத்துக்கும் தோல் துண்டு கொடுத்து, பட்டறை வைஸில் வைத்து இறுக்கினேன். வெளியே எடுத்து லென்ஸில் பார்த்தபோது, எண் அழகாகப் பள்ளமாக விழுந்திருந்தது. ஆனால் தலையின் உயரமான இடங்களெல்லாம், முடியும் காது மடலும், தட்டையாக வழுவழுவென்று ஆகிவிட்டன. பள்ளம் விழுந்த இடத்தைச் சுற்றியோ, பழைய பளபளப்பு அப்படியே. தோல் கொடுத்ததால் பின்பக்கம் அதிகம் நசுங்கவில்லை. உங்கள் படத்திலும் அதே தட்டைக் காது, அதே தொடாத பின்பக்கம். ஓரத்துப் பல்வரிகளும் ஒரு மாற்றமும் இல்லாமல் நிற்கின்றன. ஒரு சாட்சி மட்டும்தான் பேசுகிறது. வைஸில் இறுக்கியதோ சுத்தியலால் அடித்ததோ, எதுவானாலும் இது பின்னால் செய்தது. அப்பா செய்திருப்பார் என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்டவை சும்மா புழக்கத்தில் கலந்தே வரும், விற்கவும் வருவார்கள்.

மூன்றாவது, இரட்டை ஆண்டு. இங்கே இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, அச்சே இரட்டையாகச் செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் ஓர் அச்சை உருவாக்க, மூல உருவத்தை எஃகில் ஒருமுறைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது அழுத்தம் இம்மி விலகினால் அச்சிலேயே இரண்டு உருவம் விழும். 1955இல் பிலடெல்பியாவில் அடித்த அமெரிக்க ஒரு சென்ட் இதற்குப் பெயர் போனது. தலைப் பக்கத்து எழுத்துகளும் ஆண்டும் வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். தவறு தெரியவரும் முன்பே நல்ல காசுகளோடு கலந்துவிட்டதால், சுமார் 20,000 முதல் 24,000 வரை வெளியே போயின என்று சொல்வார்கள். அவை எல்லாவற்றிலும் இரட்டிப்பு அச்சு அசலாக ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று, அச்சில் எந்தக் குறையும் இல்லை; தளர்ந்த அச்சு, அடித்து முடித்த கணத்தில் லேசாக ஆடிவிடுகிறது. அப்போதுதான் எழும்பிய எழுத்தின் பக்கத்தை அது இழுத்து நசுக்குகிறது. லென்ஸில் இரண்டும் எப்படி வேறுபடும் என்று சொல்கிறேன். அச்சில் பிறந்த இரட்டிப்பில் இரண்டாவது உருவமும் உருண்டு எழும்பி நிற்கும். எழுத்தின் முனைகளில் இரண்டும் பிரியும் இடத்தில், பாம்பின் நாக்குபோல ஒரு பிளவு தெரியும். எழுத்து மொத்தத்தில் தடித்திருக்கும். அச்சு ஆடியதில், எழுத்தின் ஒரு பக்கம் மட்டும் தாழ்வான ஒரு படிக்கட்டு இருக்கும். தட்டையாக, வெட்டி வழித்ததுபோல், பளபளவென்று. அந்தப் படி எழுத்திலிருந்தே எடுக்கப்பட்டதால், எழுத்தின் மேல்பகுதி வழக்கத்தைவிட ஒல்லியாகிவிடும்.

உங்கள் காசில் 9இன் வலப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையான படி. 9இன் தண்டும் மெலிந்திருக்கிறது. பக்கத்து எண்களிலும் அதே திசையில் அதே படி. அதனால் இது அச்சு ஆடியது. நடந்த இடம் நாணயச்சாலைதான். அப்பா எழுதியது அந்த அளவில் பொய்யில்லை. ஆனால் இது அச்சுகள் தளரும்போதெல்லாம் சர்வசாதாரணமாக நடப்பது. சேகரிப்பாளர்கள் இதை இரட்டை அச்சுக் காசோடு சேர்ப்பதில்லை. யாராவது இதை 'இரட்டை அச்சு' என்று சொன்னால் ஏற்காதீர்கள். நீங்களும் அப்படிச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடிபட்ட காசுக்குப் போகும் முன், பெட்டியில் மீதியையும் பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அதற்குச் சிலது. காசின்மேல் ஒரு கோடு தெரிந்தால், அது மேடா பள்ளமா என்று முதலில் பாருங்கள். மேசை விளக்கை மிகத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழவிட்டால் தெரிந்துவிடும். அச்சில் விழும் விரிசல் காசில் மேடான கோடாகத்தான் வரும். பின்னால் விழும் கீறல் பள்ளமாக இருக்கும், இரு கரையிலும் உலோகம் உழுததுபோல் தூக்கிக்கொண்டிருக்கும். அச்சின் ஓரம் உடைந்துபோனால் அந்த இடத்தில் காசின் விளிம்பை ஒட்டி உருவமில்லாத ஒரு மேட்டுத் திட்டு வரும். அப்போது காசைத் திருப்பி, நேர் பின்னால் அதே இடத்தைப் பாருங்கள். உடைந்த பள்ளத்துக்குள் உலோகம் ஓடிவிட்டதால் பின்பக்கத்தில் அந்த இடம் மங்கலாக இருக்க வேண்டும். மங்கவே இல்லை என்றால், திட்டு எதையோ உருக்கி ஒட்டியதாக இருக்கலாம்.

எழுத்தோ எண்ணோ காணாமல்போன காசுகளில் அவசரப்படக் கூடாது. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் அடைத்துக்கொண்டால் எழுத்து மங்கி மறையும்; ஆனால் அந்த இடத்தின் தோல் சுற்றியுள்ள தளத்தைப் போலவே இருக்கும். சுரண்டி எடுத்திருந்தால் அங்கே ஒரு சிறு குழிவும் மெல்லிய இணைகோடுகளும் இருக்கும். 1937இல் டென்வரில் அடித்த அமெரிக்க ஐந்து சென்ட் காசில் எருமைக்கு மூன்றே கால். அச்சைத் தேய்த்துச் சீர்செய்தவர் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார். முன்கால் ஒன்று மறைந்து குளம்பு மட்டும் நின்றது. பிறகு சாதாரணக் காசில் காலைச் சுரண்டி எடுத்துப் பலர் போலி செய்தார்கள். ஆனால் உண்மையான காசில் எருமையின் வயிற்றடியிலிருந்து தரையை நோக்கி மேடான சிறு புள்ளிகளின் வரிசை ஒன்று இறங்கும். காலைச் சுரண்டிவிடலாம், மேடான புள்ளிகளைச் சுரண்டி உண்டாக்க முடியாது. ஒன்றை நீக்குவது எளிது, எழுப்புவது கடினம். சந்தேகம் வரும்போதெல்லாம் காசில் கூடுதலாக எது எழும்பியிருக்கிறது என்று தேடுங்கள்.

நிறம் மாறிய காசு என்றால் லென்ஸைவிடத் தராசும் காந்தமும் பெரிய துணை. இரண்டாம் உலகப்போரில் செம்பு தேவைப்பட்டதால், அமெரிக்கா 1943இல் சென்ட்களைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. பழைய வெண்கல வில்லைகள் சில இயந்திரத்தில் தங்கியிருந்து, மிகமிகச் சில காசுகள் வெண்கலத்தில் விழுந்துவிட்டன. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசிய போலிகளோ ஏராளம். காந்தத்தைக் காட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். வெண்கலம் ஒட்டாது, எடையும் 3.11 கிராம் இருக்கும். எஃகு சுமார் 2.7 கிராம்தான். வெண்கலக் காசு ஒன்றில் ஆண்டு எண்ணைத் திருத்தி 1943 ஆக்கியவையும் உண்டு, அவை காந்தத்தையும் தராசையும் தாண்டிவிடும். அதற்கு மறுபடி லென்ஸ்தான்.

இரு உலோகக் காசுகளில் நடு வட்டம் சாய்ந்தோ விலகியோ இருந்தால் இரண்டு உலோகமும் சேரும் கோட்டைப் பாருங்கள். வளையமும் நடுவும் ஒரே அடியில் ஒன்றாக இறுகுகின்றன. அதனால் நடு விலகியிருந்தாலும் உருவம் அந்தக் கோட்டைத் தாண்டி முறியாமல் தொடர வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் திசை மாறிய இன்னொரு பாதி என்றால், நடுவைத் தட்டி எடுத்து மறுபடி செருகியிருக்கிறார்கள்.

சரி, கடிபட்ட காசு. கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வில்லை வெட்டும்போது தகடு போதிய தூரம் நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு பாதி ஏறி விழும். வில்லை பிறை தேய்ந்த நிலாபோல் வரும். அந்த வில்லை பிறகுதான் ஓரம் மேடாக்கும் இயந்திரத்துக்குப் போகிறது. அங்கே வில்லையை இரு பக்கமிருந்தும் நெருக்கித்தான் ஓரத்தை எழுப்புவார்கள். ஒரு பக்கம் கடிபட்ட பள்ளம் வரும் கணத்தில், நேர் எதிர்ப்பக்கத்துக்கு எதிர்த்துப் பிடிக்க ஆளில்லை, நெருக்கம் தளர்கிறது. அதனால் கடிக்கு நேர் எதிரே விளிம்பு சரியாக எழும்பாமல் மங்கிப்போகும். சேகரிப்பாளர்கள் இதை பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். கத்தரிக்கோலும் அரமும் கொண்டு அடித்து முடித்த காசைக் கடிக்கிறவர், எதிரே இருக்கும் விளிம்பை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்.

உங்கள் மூன்றாவது படத்தில், கடிக்கு நேர் எதிரே, விளிம்பு ஒரு சிறு தூரத்துக்குத் தாழ்ந்து கரைந்திருப்பதைப் பார்த்தேன். பின்பக்கப் படத்திலும் அதே இடம் மங்கல். இன்னும் ஒன்று. கடியின் வாயருகே இருக்கும் எழுத்துகள் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கவில்லை. கடியை நெருங்க நெருங்கத் தாழ்ந்து, அந்தப் பக்கம் லேசாக இழுபட்டு மங்குகின்றன. அடி விழுந்தபோது அங்கே வெற்றிடம் இருந்ததால் உலோகம் அதை நோக்கி ஓடியிருக்கிறது. வெட்டிய பிறகு எந்த எழுத்தும் அப்படி ஓடாது. தலை, பூ, ஓரம் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன. படத்தை வைத்துச் சொல்லக்கூடிய அளவுக்கு, இது உண்மையான பிழைக் காசு. அப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

கையில் காசு இருப்பது உங்களிடம்தான், அதனால் இரண்டு சோதனைகளை நீங்களே செய்யுங்கள். அதே வகையைச் சேர்ந்த இன்னொரு காசை அந்தக் கடிக்குள் மெதுவாகப் பொருத்திப் பாருங்கள். அதே அளவு வெட்டுக்கருவி கடித்த இடம் என்பதால் வளைவு ஏறக்குறைய அப்படியே உட்கார வேண்டும். அப்புறம் கடிபட்ட உள்வளைவை பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பல்வரி இல்லாமல், அரம் ராவிய குறுக்குக் கோடுகளும் இல்லாமல் இருக்க வேண்டும். எல்லா உண்மையான கடிக் காசிலும் எதிர்ப்பக்க மங்கல் தெளிவாக விழுவதில்லை. அதனால் பெட்டியில் வேறு கடிக் காசு கிடைத்து, அதில் மங்கல் இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். வளைவும் எழுத்துகளின் இழுப்பும் சேர்த்துப் பாருங்கள். சான்று தேவைப்பட்டால், பிழைக் காசுகளைப் பார்த்து மதிப்பிடும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கில் இதை ஒன்றை மட்டும் அனுப்பினால் போதும்.

அந்தக் காகித உறைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் காசுகளை அவற்றுக்குள் இனிமேல் வைக்க வேண்டாம். சாதாரணக் காகிதத்தில் இருக்கும் கந்தகம் மெல்ல மெல்லக் காசைக் கறுக்க வைக்கும். வளையும் மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறையும் கூடாது, பச்சையாகப் பிசுபிசுப்பு இறங்கும். கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் கூட்டில் காசை வைத்து, அப்பா எழுதிய உறையைத் தட்டையாக்கி அதன் அடியில் வையுங்கள். காசை எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கடியின் உள்வளைவைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.